எதிர் வீட்டில் அடி விழுகிறதா? கூடப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எதிர் வீட்டு அக்காவுக்காக எங்கள் மகளிர் குழுவில் நான்கு பேர் எட்டு மாதம் அலைந்தோம். வாரா வாரம் சேமிப்புக் கணக்கு எழுதி, கடன் தவணை கட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் நாங்கள். போலீஸ் ஸ்டேஷன் படி ஏறிய பழக்கம் ஒருத்திக்கும் கிடையாது. வாங்க வேண்டிய காகிதத்தை வாங்காமல் வந்தோம், கையெழுத்துப் போடக் கூடாத இடத்தில் அக்காவைப் போட வைத்தோம், சம்பந்தமே இல்லாத ஒரு ஆபீஸ் வாசலில் இரண்டு நாள் காத்துக் கிடந்தோம். அந்த அலைச்சல் உங்களுக்கும் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

அடி வாங்குகிற பெண் படித்தாலும் பயன்படும், ஆனால் நான் மனதில் வைத்திருப்பது அவர் கூடப் போகிற ஆட்களை. பக்கத்து வீட்டுக்காரர், குழுத் தோழி, நாத்தனார், தங்கச்சி, யாராக இருந்தாலும் சரி. மாதக்கணக்கில் சரியாகத் தூங்காத ஒருவரால் தன் கதையை வரிசையாகச் சொல்ல முடியாது. தேதி மாறும், நடுவில் அழுகை வரும், கை உடைந்ததைச் சொல்ல மறந்துவிட்டு மாமியார் சொன்ன ஒரு வார்த்தையையே திரும்பத் திரும்பச் சொல்வார். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது பொய் மாதிரித் தெரியும். அதனால் கூடப் போகிறவருக்கு இரண்டு வேலை: காகிதத்தைப் பார்த்துக்கொள்வது, அவர் தூக்கத்தையும் மனசையும் பார்த்துக்கொள்வது. இரண்டாவதை விட்டால் முதலாவது நடக்காது.

இங்கே சொல்வது தமிழ்நாட்டு நடைமுறை. இந்த நிமிடமே உயிருக்கு ஆபத்து என்றால் படிப்பதை நிறுத்திவிட்டு 112-ஐக் கூப்பிடுங்கள்.

1. முதலில் அவரிடம் கேளுங்கள், ஊரிடம் இல்லை

நாங்கள் செய்த முதல் தப்பு, அக்காவிடம் கேட்காமலேயே அவர் அண்ணனுக்குப் போன் போட்டது. அண்ணன் வந்தார், மச்சானோடு உட்கார்ந்து சாப்பிட்டார், "கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அன்றைக்கு ராத்திரி விழுந்த அடி வழக்கத்தைவிட அதிகம்.

தனியாகப் பேச ஒரு இடம் பிடியுங்கள். குழுக் கூட்டம், ரேஷன் கடை வரிசை, பிள்ளையைப் பள்ளியில் விடும் நேரம் எல்லாம் நல்ல சந்தர்ப்பம். வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்றால், மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் பார்க்க வரும் தன்னார்வலரோடு சேர்ந்து போகலாம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். "ஏன் இன்னும் அங்கேயே இருக்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டால் போதும்.

ஒரு சங்கேதம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது, "மாவு புளிச்சிருச்சா?" என்று ஒரு மெசேஜ். அது வந்தால் யாராவது இரண்டு பேர் கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் போய்க் கதவைத் தட்டுவோம். சண்டையைத் தீர்க்கப் போவதில்லை, கதவைத் தட்டி அங்கேயே நிற்பது மட்டும்தான். பெரும்பாலும் சத்தம் அடங்கிவிடும். தனியாகப் போகாதீர்கள், கணவர் கையில் ஏதாவது இருந்தால் உள்ளே போகவே போகாதீர்கள், தெருவில் நின்று 112.

2. பால் நோட்டும் ஒரு பையும்

அக்காவிடம் பால் கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. தேதிவாரியாக அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று எழுதியிருக்கும். சில தேதிகளுக்குப் பக்கத்தில் நீல மையில் ஒரு புள்ளி. முதலில் எங்களுக்குப் புரியவில்லை. கேட்டபோது, "அடிச்ச நாளு" என்றார். இரண்டு வருடத்துப் புள்ளிகள். எங்களிடம் இருந்த எல்லாக் காகிதத்தையும்விட அந்த நோட்டுதான் பிற்பாடு உதவியது, ஏனென்றால் அதை வைத்து உட்கார்ந்து யோசித்தபோதுதான் ஒவ்வொரு தேதியிலும் என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று வரிசை கிடைத்தது. நீங்களும் இன்றைக்கே ஆரம்பியுங்கள். தேதி, நேரம், என்ன நடந்தது, யார் இருந்தார்கள். நான்கு வரி போதும்.

அப்புறம் பை. இவற்றின் அசலோ நகலோ அவர் வீட்டுக்கு வெளியே, நம்பிக்கையான ஒருவரிடம் இருக்க வேண்டும்:

ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ். கல்யாணம் பதிவு செய்திருந்தால் அந்தச் சான்று, இல்லையென்றால் பத்திரிகையும் நான்கு கல்யாணப் போட்டோவும். நகைக்கடை பில், அடகு ரசீது. ஆஸ்பத்திரிச் சீட்டுகள் அத்தனையும், பழசானாலும். கணவரின் சம்பளச் சீட்டு அல்லது வேலை செய்யும் இடத்தின் முகவரி, ஏனென்றால் ஜீவனாம்சம் கேட்கும்போது 'எனக்கு வருமானமே இல்லை' என்றுதான் முதல் பதில் வரும்.

போனில் கவனம். 181-ஐக் கூப்பிட்டாலும் கால் பட்டியலில் அந்த எண் இருக்கும், கணவர் போனைப் பிடுங்கிப் பார்க்கிறவர் என்றால் உங்கள் போனிலிருந்து கூப்பிடுங்கள். காயத்தின் போட்டோவையும் அன்றைக்கே உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு அவர் போனில் அழித்துவிடச் சொல்லுங்கள். மகளிர் உரிமைத்தொகை வரும் கணக்கு அவர் பெயரில் இருந்தாலும் ஏ.டி.எம். கார்டும் ஓ.டி.பி. வரும் எண்ணும் யார் கையில் என்று கேளுங்கள். எங்கள் அக்கா விஷயத்தில் இரண்டும் கணவரிடம் இருந்தன.

3. காயம் இருந்தால் அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரி

நாங்கள் பெரிதாகக் கோட்டை விட்டது இங்கேதான். மணிக்கட்டு வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போன முதல் தடவை, கணவரும் கூடவே வந்து நின்றார். டாக்டர் கேட்க, அக்கா "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்றார். அப்படியே எழுதிவிட்டார்கள். பிறகு எவ்வளவு சொல்லியும் அந்த வரி மாறவில்லை, எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டினார்.

கேஷுவாலிட்டியில் 'கணவர் அடித்தார்' என்று சொன்னால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். பேச்சு வழக்கில் ஏ.ஆர். காப்பி. யார், எதனால், எப்போது என்ற மூன்றும் அதில் வந்திருக்கிறதா என்று வாங்கிப் படித்துப் பாருங்கள். கணவரோ மாமியாரோ கூட வந்திருந்தால், நர்ஸிடம் மெதுவாகச் சொல்லி அவர்களை வெளியே நிற்க வைக்கச் சொல்லுங்கள். புகார் கொடுத்துவிட்டு வந்தால்தான் வைத்தியம் என்று யாராவது சொன்னால் அது தப்பு. குடும்ப வன்முறைச் சட்ட விதிகளின்படி புகார் இல்லை, அறிக்கை இல்லை என்று காரணம் காட்டி மருத்துவ உதவியை மறுக்கக் கூடாது.

4. மனசுக்கும் ஒரு ஓ.பி. சீட்டு

இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். நாங்கள் தள்ளினோம். மூன்றாவது மாதம் அக்கா குழுவுக்கு வருவதை நிறுத்தினார், தலை வாருவது நின்றது, பேச்சுக் கொடுத்தால் சுவரைப் பார்த்தார். ஒரு நாள் "பிள்ளைகளை நீ பார்த்துக்குவல்ல?" என்று கேட்டார்.

அப்படி ஒரு வார்த்தை காதில் விழுந்தால் நேராகக் கேளுங்கள்: "சாகலாம்னு தோணுதாக்கா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயம் வரும். அப்படி ஆகாது, கேட்டவுடன் பாரம் இறங்கித்தான் பேசுவார்கள். தோன்றுகிறது என்றால் அன்றைக்குத் தனியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து, மிச்சம் மீதி மாத்திரை எல்லாவற்றையும் எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, எந்த நேரமும், இலவசம், தமிழிலேயே பேசலாம். நாங்கள் ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்பீக்கரில் போட்டுப் பேசினோம்.

அடுத்த வேலை நாளில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. ஓ.பி. சீட்டு, ஆலோசனை, மாத்திரை எதற்கும் காசு கிடையாது. காலையில் எட்டரைக்கே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் வரிசை வாசலுக்கு வந்துவிடும். டாக்டரிடம் தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொல்லாமல், வீட்டில் அடி விழுவதையும் சொல்லுங்கள், அதைச் சீட்டில் எழுதும்படி கேளுங்கள். தூக்கம் போனதற்கான காரணம் எழுத்தில் இருப்பது வைத்தியத்துக்கும் நல்லது, வழக்குக்கும் நல்லது.

மாத்திரை பலன் தெரிய இரண்டு, மூன்று வாரம் ஆகும் என்று டாக்டர் சொன்னார். அக்கா ஆறாம் நாளே நிறுத்திவிட்டார், 'மதமதன்னு இருக்கு' என்று. நிறுத்தாமல் டாக்டரிடம் போய்ச் சொன்னால் அளவை மாற்றித் தருவார்கள். கோயிலில் மந்திரிக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னால் சண்டை போடாதீர்கள், அதுவும் நடக்கட்டும், இதுவும் நடக்கட்டும். ஏர்வாடி தர்காவிலேயே துவாவோடு மருந்தும் கொடுக்கிற ஏற்பாடு அரசுத் தரப்பில் செய்யப்பட்டிருக்கிறது.

ஒரு பயம் எல்லோருக்கும் வரும்: "பைத்தியம்னு சொல்லி பிள்ளைகளைப் பிடுங்கிடுவாங்களே?" எங்கள் அக்காவின் கணவர் தெருவிலேயே அப்படித்தான் கத்தினார். 2017 மனநலச் சட்டத்தின் 3-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ள முடியாது, அதை ஒரு நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும். இதை உங்கள் வக்கீலுக்கும் ஞாபகப்படுத்துங்கள்.

5. வெளியேற வேண்டும் என்றால் 181, சகி மையம்

181 மகளிர் உதவி எண், இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். அங்கிருந்து உங்கள் மாவட்டத்துச் சகி ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு இணைத்துவிடுவார்கள். நேராகவும் போகலாம். அரசு ஆஸ்பத்திரி வளாகத்திலோ பக்கத்திலோ இருப்பது வழக்கம், போர்டு சின்னதாக இருக்கும், கேட்டுப் போங்கள். தங்க இடம், ஆலோசகர், போலீஸ் உதவி, சட்ட உதவி எல்லாம் ஒரே கூரையின் கீழ், கட்டணம் இல்லை.

ஆனால் அங்கே தங்குவது பொதுவாக ஐந்து நாள்தான். ஆறாவது நாள் எங்கே என்று முதல் நாளே பேசிவிடுங்கள், நீண்ட நாள் தங்குமிடத்துக்குப் பரிந்துரைக்க அவர்களால் முடியும். வளர்ந்த பையன் இருந்தால் கூடத் தங்க விடுவார்களா என்று போனிலேயே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நாங்கள் கேட்காமல் போய், பதின்மூன்று வயதுப் பையனை ராத்திரியோடு ராத்திரியாக என் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டியதாயிற்று.

6. பாதுகாப்பு அலுவலர்

பலருக்கு இப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் நடுநாயகமான ஆள் இவர்தான். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருப்பார், அது பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில். திங்கள்கிழமை போகாதீர்கள், குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் ஆளைப் பிடிக்க முடியாது.

அடி வாங்கியவர்தான் போக வேண்டும் என்று இல்லை. அந்தச் சட்டத்தின் 4-வது பிரிவுப்படி விஷயம் தெரிந்த யாரும் தகவல் கொடுக்கலாம், நல்லெண்ணத்தில் கொடுத்தால் அதற்காக உங்கள் மேல் வழக்குப் போட முடியாது. 'உன் மேல கேஸ் போடுறேன் பாரு' என்று மிரட்டுகிறவர்களுக்காக இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் அவர் சம்மதம் இல்லாமல் முந்திக்கொள்ளாதீர்கள், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வேறு.

அலுவலர் கேட்டு எழுதுவது குடும்ப நிகழ்வு அறிக்கை, டி.ஐ.ஆர். என்பார்கள். இது மாஜிஸ்திரேட்டுக்குப் போகும், ஒரு நகல் காவல் நிலையத்துக்கும் போகும். பால் நோட்டு விரிந்தது இங்கேதான். அடி, உதை மட்டும் எழுதிவிட்டு எழுந்து வராதீர்கள். சம்பளத்தைப் பிடுங்குவது, நகையை அடகு வைப்பது, சோறு போடாமல் விடுவது, பிள்ளைகள் முன்னால் கேவலமாகப் பேசுவது, விருப்பமில்லாமல் உடலுறவுக்குக் கட்டாயப்படுத்துவது, எல்லாமே சட்டத்தில் வன்முறைதான். கடைசியாகச் சொன்னதைக் கூட்டத்தில் சொல்ல மாட்டார்கள், கதவைச் சாத்திக்கொண்டு பேச நேரம் கேளுங்கள். கையெழுத்துக்கு முன் முழுதாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நகல் இலவசம்.

கல்யாணம் ஆனவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அம்மாவை அடிக்கும் மகன், தங்கையை அடிக்கும் அண்ணன், கல்யாணம் ஆகாமல் குடும்பமாகச் சேர்ந்து வாழும் உறவு என எல்லாம் இதற்குள் வரும்.

7. காவல் நிலையம் போவதா?

குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு போட போலீஸ் புகார் முன்நிபந்தனை இல்லை. இதுவும் அதுவும் வேறு வேறு. முதலாவதில் கேட்பது உத்தரவுகள்: அடிக்காதே, வீட்டை விட்டுத் துரத்தாதே, மாதம் இவ்வளவு கொடு. அதற்காக யாரையும் உடனே ஜெயிலில் போட மாட்டார்கள். போலீஸ் புகார் என்பது குற்ற வழக்கு, பழைய 498ஏ பிரிவு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-வது பிரிவாக இருக்கிறது, மூன்று வருடம் வரை தண்டனை. "அவர் உள்ளே போக வேண்டாம், அடிக்காமல் இருந்தால் போதும்" என்று சொல்கிற பெண்கள்தான் அதிகம். அவர்களுக்கு முதல் வழியே போதும். எது வேண்டும் என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தால், மனுவை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். அக்காவையும் அவர் கணவரையும் உட்கார வைத்துப் பேசினார்கள், சாயங்காலம் ஆகிவிட்டது, பிள்ளைகள் பசியில் இருந்தார்கள், "சமாதானமாகப் போகிறோம்" என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டால் போகலாம் என்றார்கள். நாங்களும் போடச் சொல்லிவிட்டோம். அதில் அவர் அடித்ததாக ஒரு வார்த்தை இல்லை, இனி அடிக்க மாட்டேன் என்றும் இல்லை. பேசித் தீர்ப்பதில் தப்பில்லை, ஆனால் அந்தத் தாளில் நடந்தது என்ன என்பதும், இனி செய்ய மாட்டேன் என்ற அவர் உறுதியும் இருக்க வேண்டும், ஒரு நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். இல்லையா, நாளைக்கு வருகிறோம் என்று எழுந்து வாருங்கள்.

"குடியை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நிறையப் பேர் சொல்வார்கள். குடி மறுவாழ்வுக்கு அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள். அதற்காக மனுவைத் தள்ளிப் போடாதீர்கள். எங்கள் ஆள் குடிக்காத நாளிலும் அடித்தவர், நோட்டிலேயே இருக்கிறது.

8. கோர்ட்

வக்கீலுக்குக் காசு இல்லை என்று நிற்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், எண் 15100. ஆதார் நகல், டி.ஐ.ஆர். நகல், ஒரு விண்ணப்பம் போதும். நியமிக்கப்பட்ட வக்கீல் தனியாகப் பணம் கேட்டால் ஆணைக்குழுவில் போய்ச் சொல்லுங்கள், வேறு ஆளைத் தருவார்கள்.

அம்மா வீட்டுக்குப் போய்விட்டார் என்றால் அந்த ஊர் கோர்ட்டிலேயே மனு போடலாம், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடம் என்றாலும் செல்லும். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, உனக்கு உரிமை இல்லை என்று சொன்னால் மயங்க வேண்டாம், குடும்பமாக வாழ்ந்த வீடு மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும் அதில் தங்கும் உரிமையைக் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது. முதல் மனுவோடு சேர்த்து இடைக்கால உத்தரவுக்கும் மனு போடச் சொல்லுங்கள், இதை விட்டால் கடைசித் தீர்ப்பு வரை ஒன்றும் கைக்கு வராது. ஜீவனாம்சம் கேட்டால் இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் பற்றிப் பிரமாணப் பத்திரம் போட வேண்டும், அவருடைய சம்பளச் சீட்டைப் பையில் வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

சட்டப் புத்தகத்தில் முதல் விசாரணை மூன்று நாளுக்குள், முடிவு அறுபது நாளுக்குள் என்று இருக்கிறது. எங்களுக்கு முதல் விசாரணையே ஐந்தாவது வாரம். நோட்டீஸ் சார்பு ஆகவில்லை, அதாவது கணவர் கைக்குப் போய்ச் சேரவில்லை என்று இரண்டு வாய்தா போயிற்று, பிறகு தெரிந்தது கணவரின் முகவரியில் கதவு எண் தப்பு. முகவரியை நீங்களே ஒரு தடவை சரிபார்த்து, அவர் வேலை செய்யும் இடத்து முகவரியையும் சேர்த்துக் கொடுங்கள். இடைக்கால உத்தரவு நான்காவது மாதம் வந்தது.

நடுவில் கோர்ட்டே ஆலோசனைக்கு அனுப்பலாம். அங்கே "அவ என்ன பேசினா தெரியுமா, அதான் அடிச்சேன்" என்று அவர் ஆரம்பித்தால், சட்ட விதிகளில் அந்த வாதத்துக்கே இடம் இல்லை என்று ஆலோசகரிடம் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். வன்முறைக்கு நியாயம் கற்பிக்க எதிர்மனுதாரரை அனுமதிக்கக் கூடாது என்று 2006 விதிகளிலேயே இருக்கிறது.

உத்தரவு கைக்கு வந்தால் நகல் இலவசம். நான்கு ஜெராக்ஸ் எடுங்கள்: ஒன்று காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புதல் முத்திரை, ஒன்று பிள்ளைகள் படிக்கும் பள்ளியில், ஒன்று பையில், ஒன்று உங்களிடம். அடிக்காதே என்கிற பாதுகாப்பு உத்தரவை மீறினால் அப்போதுதான் அது குற்றம், ஒரு வருடம் வரை சிறை அல்லது இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

9. கணக்கு

அரசு வழியில் எதற்கும் கட்டணம் இல்லை என்றாலும் காசு போகும். எங்கள் குழு நோட்டில் எழுதி வைத்தது: ஜெராக்ஸும் போட்டோ பிரிண்ட்டும் 460 ரூபாய், ஆட்டோ நான்கு தடவை 700, டீ, டிபன் சுமார் 1,100. டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம் என்பதால் அது தப்பித்தது. பெரிய செலவு கூலி. கூடப் போகிற ஒருத்திக்கு ஒரு நாள் போனால் 400 ரூபாய் நட்டம், மொத்தம் பத்தொன்பது நாள். அதனால் ஒரே ஆளைப் போகச் சொல்லாமல் முறை வைத்துக்கொண்டோம், நோட்டு மட்டும் யார் போகிறாரோ அவர் கைக்கு மாறும், முதல் நாள் ராத்திரியே படித்துவிட்டுப் போக வேண்டும். ஒவ்வொரு ஆளுக்கும் முதலில் இருந்து கதையைச் சொல்லும் வேதனை அக்காவுக்கு இல்லாமல் போயிற்று.

வாய்தா அன்றைக்குப் பத்து மணிக்கே போய்விடுங்கள், பெயர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் அவ்வளவுதான். ஆனால் கூப்பிட மூன்று மணியும் ஆகலாம், சோறு கட்டிக்கொண்டு போங்கள், அவருடைய மதிய மாத்திரையையும்.